கடை நடக்கிறது, கணக்கு நடக்கிறதா?

வடபகுதிப் புகையிரதப் பாதை கடலைக் கண்டு நின்றுவிடும் இடம் காங்கேசன்துறை. 1902ஆம் ஆண்டில் இங்கிருந்து சாவகச்சேரி வரையில் முதன்முதலாக வண்டி ஓடிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல், அப்பாதை தெற்குப் பாதையோடு தொடுக்கப்பட்டது. அதன் பின் இவ்வூரின் சிறு வியாபாரத்தில் ஒரு பங்கு எப்பொழுதும் நேர அட்டவணையைப் பார்த்தே நடந்து வந்திருக்கிறது. வண்டி வந்தால் தேநீர் ஓடும். வண்டி தாமதித்தால் வடை ஆறும்.

1950ஆம் ஆண்டில் இங்கே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. இவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லே அதன் மூலப்பொருள். ஆலைச் சங்கு ஊதினால் வேலை முறை மாறும். முறை மாறினால் கடைவாசலில் சைக்கிள்கள் நிற்கும். சம்பள நாளை நம்பிக் கொப்பியில் கடன் எழுதிய கடைகள் நாற்பது ஆண்டுகள் அந்த ஆலையின் நிழலில் வாழ்ந்தன. 1990இல் யுத்தம் மூண்டு, ஆலை நின்று, புகையிரதம் நின்று, ஊரே இடம்பெயர்ந்தபோது, அந்தக் கடன் கொப்பிகளுக்கு என்ன நேர்ந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் வெவ்வேறு திசைகளில் சிதறினார்கள்.

2009க்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன, விடுவிக்கப்படாதவையும் உள. 2015 சனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையைத் தொட்டது. திரும்பி வந்த குடும்பங்கள் பல முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, வீட்டின் முன்புறத்தில் நாலு தகரத்தை இறக்கி ஒரு கடை போட்டது. ஈடு வைத்த தாலிக்கொடியும், கனடாவில் உள்ள தம்பி அனுப்பிய பணமும், ஒரு சீட்டுக் காசும் சேர்ந்து முதலாகின்றன. சர்க்கரையும் பருப்பும் சவர்க்காரமும் றாக்கையில் ஏறுகின்றன. அந்தக் கடை தோற்றால் தோற்பது கடை மட்டுமன்று. மகளின் ரியூசன் காசும், மீட்கப்படாத நகையும் அதனோடு போகின்றன. ஆகவே இப்படிப்பட்ட ஒரு கடையை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, எங்கே திருத்துவது என்பதை இவ்வாரம் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

‘வியாபாரம் எப்படி?’ என்று கேட்டால், நம்மூர்க் கடைக்காரர் பெரும்பாலோர் தரும் பதில் ‘ஏதோ போகுது’ என்பதே. அது அடக்கத்தினால் வரும் பதில் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பலருக்கு அதற்குமேல் தெரியாது என்பதே விஷயம். போவது முன்னோக்கியா பின்னோக்கியா என்று அறிவதற்கு வேண்டிய கணக்கு அவர்களிடம் இல்லை.

ஒரே லாச்சி

முதற் குறை மேசை லாச்சியில் இருக்கிறது. காலையில் பாண் விற்ற காசும், பகலில் மீன்காரருக்குக் கொடுத்த காசும், பிள்ளையின் பஸ் காசும், கோயில் உபயத்துக் காசும் ஒரே லாச்சியில் போய் வருகின்றன. இரவில் எஞ்சியிருப்பதை எண்ணி, நிறைந்திருந்தால் நல்ல நாள் என்றும், குறைந்திருந்தால் மந்தமான நாள் என்றும் முடிவு கட்டுகிறோம். உண்மையோ, நிறைந்திருப்பது நாளை மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணமாக இருக்கலாம். குறைந்தது நேற்று வந்த விருந்தாளிகளால் ஆகியிருக்கலாம்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கையிலும் பர்மாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளியின் குடும்பப் பணமும் கடைப் பணமும் ஒன்றாய்க் கலந்ததில்லை. ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மேலாள் ஏறக்குறைய மூன்றாண்டுத் தவணை கடையை நடத்தி, தவணை முடிவில் கணக்கை முடித்து ஒப்படைக்க வேண்டும். தருமத்துக்கென எடுத்த மகமைகூடத் தனியாகப் பற்று வரவு எழுதப்பட்டது. கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு அவசியமாய் இருந்த ஒழுங்கு, ஆயிரக்கணக்கில் செய்பவருக்கு வேண்டாம் என்று யார் சொன்னார்?

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நாமாக வைத்துக்கொண்டவை. முறையை மாத்திரம் கவனிக்க. கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு கடையில் நாள் விற்பனை 15,000 ரூபா. முப்பது நாளில் 4,50,000. விற்ற பொருளின் கொள்விலை நூற்றுக்கு 85 என்றால் 3,82,500. மிச்சம் 67,500. மின்சாரச் சிட்டை, சுன்னாகத்திலிருந்து சாமான் ஏற்றும் கூலி, பழுதாகி எறிந்தது, பைகள் எல்லாம் சேர்த்து 22,000 கழித்தால் 45,500 ரூபா நிற்கிறது. கடைக்காரர் இதனை இலாபம் என்கிறார். நல்லது. காலை ஐந்தரை தொடக்கம் இரவு ஒன்பது வரையில் இருவர் மாறி மாறி நின்ற உழைப்புக்கு யார் கூலி கொடுத்தார்? ஒருவருக்கு மாதம் 30,000 ரூபா என்று மிகக் குறைவாக மதித்தாலும் 60,000 ஆகிறது. ஆக, அந்தக் கடையில் இலாபமில்லை. மாதம் 14,500 ரூபா குறைவு. ஈடு வைத்த நகையின் வட்டியை நாம் இன்னும் எழுதவே இல்லை.

இதைக் கண்டு உடனே கடையைப் பூட்டச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வேறு வேலை கிடையாத இடத்தில் குறைந்த கூலியும் கூலிதான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை வேறு எது? ஆயினும் இலாபம் வருகிறது என்று நம்பி, மேலும் ஒரு நகையை ஈடு வைத்துக் கடையைப் பெருப்பிக்கப் போகிறவருக்கு இந்த 14,500 தெரிந்திருக்க வேண்டும்.

பரிகாரம் எளிது, கடைப்பிடிப்பது கடினம். இரண்டு பெட்டிகள் வைக்க வேண்டும். வீட்டுக்கென்று வாரத்துக்கு ஒரு தொகையைச் சம்பளமாகக் குறித்து, அதை மாத்திரம் வீட்டுப் பெட்டியில் போட வேண்டும். கடை றாக்கையிலிருந்து வீட்டு அடுப்புக்கு எடுக்கும் பருப்பையும் தேயிலையையும் கொப்பியில், மற்றொரு வாடிக்கைக்காரர் பெயரைப் போல, ‘வீடு’ என்ற பெயரில் எழுத வேண்டும். மாத முடிவில் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்க்கும் இல்லத்தரசிகள் சிலர் திடுக்கிடுவார்கள் என்பது நிச்சயம். ஊரில் அதிகக் கடன் வைத்திருப்பவர் தாமே என்று கண்டால் யார்தான் திடுக்கிட மாட்டார்!

2022 கற்பித்த பாடம்

லாச்சியைப் பிரித்துவிட்டாலும் ஒரு பொய் இலாபம் எஞ்சி நிற்கும். அதனை 2022ஆம் ஆண்டு நம் வாசலிலேயே கொண்டுவந்து காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணய மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பண்டங்களில் மாத்திரம் 94.9 வீதம். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறந்திருக்கமாட்டார்.

அந்த மாதங்களில் கையில் காசு நிறையப் புரண்டும் றாக்கைகள் வெறுமையான கடைகள் உண்டு. காரணம் இதுதான். ஒரு மூடை 10,000 ரூபாவுக்கு வாங்கி, சில்லறையாய் 11,000 ரூபாவுக்கு விற்றார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபா இலாபம் என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். மறுபடி மூடை வாங்கப் போனால் விலை 13,000. கையில் இருப்பதோ 10,000. முழு மூடை இருந்த இடத்தில் இப்போது முக்கால் மூடையே வைக்க இயலும். இப்படி நாலு தடவை நடந்தால் மூடை இருந்த மூலையில் சாக்கு மாத்திரம் கிடக்கும். ஒரு ரூபாகூடத் திருட்டுப் போகவில்லை. எவரும் ஏமாற்றவும் இல்லை. எனினும் முதல் கரைந்துவிட்டது.

விலை ஏறும் காலத்தில் இலாபத்தை வாங்கின விலையைக் கொண்டு அளக்காமல், திரும்ப வாங்க வேண்டிய விலையைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதே இதன் சாரம். ஆனால் இங்கே ஒரு தர்மசங்கடமும் உண்டு. பழைய விலைக்கு வாங்கிய சாமானைப் புதிய விலைக்கு விற்கும் கடைக்காரரை அயலவர் கொள்ளைக்காரர் என்பர். பைக்கற்றில் விலை அச்சிடப்பட்ட பொருளை அவ்விலைக்கு மேல் விற்பது சட்டப்படியும் குற்றம். ஆகையால் அத்தகைய பொருள்களில் அவர் கூட்டவும் முடியாது; குறைந்த முதலோடு அடுத்த முறை கடைக்குப் போக வேண்டியதுதான். நமக்குத் தோன்றும் வழி ஒன்றே: அப்படிப்பட்ட காலத்தில் சாமானைக் கொஞ்சமாக, அடிக்கடி வாங்கி, வீட்டுக்கு எடுக்கும் தொகையைக் குறைத்து, மூடைகளின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது. மாதத்துக்கு ஒரு முறை ரூபாவை எண்ணுவதோடு மூடையையும் எண்ண வேண்டும்.

பொருளை எண்ணுவது நமக்குப் புதிதுமன்று, பிறருக்குப் புதிதுமன்று. 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான லூக்கா பாச்சியோலியின் கணித நூலில், இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கப் புகுந்தவர், வியாபாரி முதலில் தன் உடைமைகள் யாவற்றையும் எண்ணிப் பட்டியல் எழுத வேண்டும் என்றே தொடங்குகிறார். உயர்தர வகுப்பில் கணக்கீடு பயிலும் மாணவர்கள் ஐந்தொகையைப் பரீட்சைக்காக நூறு தடவை சமன் செய்கிறார்கள். தம் தகப்பனாரின் றாக்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்ணிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

அப்படி எண்ணும்போது, பொருளின் தொகையோடு அது எத்தனை நாளாய்க் கிடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்க. 5,000 ரூபாவுக்குப் பாணும் பணிசும் எடுத்து, அன்றன்றே விற்று, நூற்றுக்கு ஐந்து கிடைத்தால் நாளுக்கு 250 ரூபா. மாதத்தில் அதே 5,000 ரூபா 7,500 ஐச் சம்பாதித்துத் தருகிறது. அதே பணத்தைப் பிளாஸ்டிக் பூச்சாடிகளில் போட்டு, நூற்றுக்கு நாற்பது வைத்து விற்றாலும், விற்று முடிய ஆறு மாதம் ஆனால் அரையாண்டுக்கு 2,000 ரூபாதான். பூச்சாடியில் ‘நல்ல இலாபம்’ என்று பேசுவோர் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. பாணிலும் ஆபத்து உண்டு. இசை எழுப்பிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய் வரும் பாண் முச்சக்கரவண்டி, கடைக்கு முன்பே படலையடிக்குப் போய்விடுகிறது. மாலையில் மிஞ்சிய பாண் ஐந்து இறாத்தலானால், அன்றைய இலாபம் மிஞ்சிய பாணோடு போயிற்று. எத்தனை மிஞ்சுகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் எத்தனை எடுக்க வேண்டும் என்பது தானே வெளிப்படும்.

ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையைச் சீரமைத்த தாயிச்சி ஓனோ என்பவர், அமெரிக்காவின் பேரங்காடிகளில் வாடிக்கைக்காரர் எடுத்த அளவுக்கே றாக்கை மீண்டும் நிரப்பப்படும் முறையிலிருந்து பாடம் கற்றதாகக் கூறியிருக்கிறார். 1956இல் அவர் அந்நாட்டுக்குச் சென்றிருந்தார். உலகத்தின் பெரிய தொழிற்சாலை கடையிடம் கற்றது. கடைக்காரர் தம் கடையிடம் கற்கத் தயங்குவது ஏன்?

கொப்பியும் கப்பலும்

கடன் கொப்பியைப் பற்றி நமது கருத்து, புத்தகங்களில் சொல்லப்படுவதற்குச் சற்று மாறானது. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பலகை தொங்கவிடுவது சுலபம். கடன் கொடாத கடைக்கும் நகரத்துப் பேரங்காடிக்கும் வேறுபாடு என்ன? பேரங்காடியில் விலை குறைவு, தெரிவு அதிகம், குளிரூட்டிய காற்று வேறு. கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத வாரத்தில் கடற்றொழிலாளியின் வீட்டுக்கு அரிசி கொடுப்பது ஊர்க்கடை ஒன்றே. அந்தக் குடும்பம் மீன் பட்ட நாளில் அக்கடையைத் தேடி வருகிறது. கடன் ஊர்க்கடையின் சரக்குகளில் ஒன்று. அதற்கும் கொள்விலை உண்டு என்பதை மறப்பதே பிழை.

ஆகவே கொப்பியை ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதி, மாத முடிவில் கடனை வயதுப்படி பிரிக்க வேண்டும்: ஒரு மாதத்துக்கு உட்பட்டது, மூன்று மாதத்துக்கு உட்பட்டது, அதற்கும் மூத்தது. சம்பளக்காரர் 25ஆந் தேதிக்குப் பின் தராவிட்டால் கேட்கலாம். கடற்றொழிலாளியிடம் மாரி கழிந்து கேட்பதுதான் முறை. மூன்று மாதத்துக்கு மூத்த கடனில் பாதி வராது என்றே கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும், வந்தால் அதிர்ஷ்டம். சொந்தக்காரரின் பக்கம் தனி இடர். ‘மச்சானிடம் எப்படிக் கேட்பது?’ என்று கடைக்காரர் தயங்குகிறார். வீட்டில் உள்ள மூத்த பெண்மணி அதைக் கேட்கும் நயம் வேறு. ‘தம்பி, நாளைக்குச் சுன்னாகத்துக்குச் சாமானுக்குப் போக வேணும்’ என்று சொன்னால் போதும், தம்பிக்கு விளங்கிவிடும்.

கடைக்காரர் கொடுக்கும் கடனைப் போலவே எடுக்கும் கடனையும் அளக்க வேண்டும். நுண்கடன்களால் வடகிழக்கிலும் பிற மாவட்டங்களிலும் பெண்கள் பட்ட பாட்டைக் கண்டே, 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அறிவித்தது; வட்டிக்கு ஆண்டுக்கு 30 வீதம் என்ற உச்ச வரம்பும் கூறப்பட்டது. மாணவ அன்பர்கள் வீட்டில் விளக்க வேண்டிய நுட்பம் ஒன்று இதில் உண்டு. ஓர் இலட்சம் எடுத்து, ஐம்பத்திரண்டு வாரத்தில் சமமாய்க் கட்டுகிறோம். முழு இலட்சத்துக்கும் ஆண்டு வட்டி 12,000 என்கிறார்கள். 12 வீதம் என்று தோன்றுகிறது. ஆனால் முதல் வாரம் வாரமாய்க் குறைந்துபோகிறபடியால், சராசரியில் நம் கையில் இருந்தது ஏறக்குறைய அரை இலட்சமே. உண்மை வட்டி கிட்டத்தட்ட இரு மடங்கு. அதிலும், வாரத் தவணைக் கடனை எடுத்து ஆறு மாதத்தில் விற்கும் பூச்சாடியில் போட்டவர், முதல் வாரத் தவணையை எங்கிருந்து கட்டுவார்? பருப்பு விற்ற காசிலிருந்து. பூச்சாடி இருக்கும், பருப்பு இராது.

இனி, வண்டியும் கப்பலும் தரும் வியாபாரத்துக்கு வருவோம். ஒரு வாரம், மணித்தியாலத்துக்கு ஒரு கோடாக, வந்த வாடிக்கைக்காரரின் தொகையை எழுதுக. அயலவர், பயணிகள் என்று இரண்டு பிரிவு போதும். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நாலு பேரே வருகிறார்கள் என்று தெரிந்தால், அந்நேரத்தில் ஒருவர் கடையில், மற்றவர் சமையலிலோ தோட்டத்திலோ என்று பிரித்துக்கொள்ளலாம். பயணிகளே பாதி என்று தெரிந்தால், அது மகிழ்ச்சிக்கும் அச்சத்துக்கும் உரிய செய்தி. 2023 சனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டு, சூலையில்தான் திறக்கப்பட்டது. அந்த அரையாண்டில் கொழும்பிலிருந்து நேரே இங்கு வண்டி வர வழியில்லை. நிலையத்தை மாத்திரம் நம்பியிருந்த தேநீர்க் கடைக்கு அது எத்தகைய அரையாண்டாய் இருந்திருக்கும்!

கப்பலும் அப்படியே. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் சேவை 2023 ஒக்டோபர் 14ஆந் தேதி கோலாகலமாய்த் தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இக்கடலில் என்ன நிகழும் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கப்பற் பயணிகள் பனங்கட்டியும் ஒடியலும் தேடுவர். கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் வழி கேட்பர். அவர்களுக்கு விற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விற்பனை மற்றவற்றோடு கலவாமல் தனிப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். ஆலையை மாத்திரம் நம்பிய கடைகளின் பிள்ளைகளே இன்று கப்பலைப் பார்த்துக் கடை போடுகிறார்கள் என்பதை எண்ணும்போது, இந்த ஒரு பக்கத்தை நாம் வற்புறுத்தாதிருக்க முடியவில்லை.

சாமானை மலிவாய் வாங்க ஒரு வழி, நாலைந்து கடைக்காரர் சேர்ந்து ஒரே வாகனத்தில் ஒரே நாளில் வாங்குவது. கூட்டுறவு நம் குடாநாட்டுக்கு அந்நியமன்று. திருவிதாங்கூருக்குப் போகும் புகையிலையை விற்க 1934இலேயே மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தவர்கள் நம்மவர். இன்று பக்கத்துக் கடைக்காரரிடம் கொள்விலையைச் சொல்ல மனம் வராமையே தடை. வேறு தடை எதையும் நாம் காணவில்லை.

இவ்வளவுக்கும் வேண்டியது எண்பது பக்கக் கொப்பி ஒன்றும், ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலமும். கப்பற் பயணிகளுக்கென்று கடையின் பக்கவாட்டில் புதிதாய் ஓர் அறை இறக்கக் கடன் எடுக்க நினைப்பவர், அந்தத் தனிப் பக்கம் இரண்டு மாரிகளைக் கடக்கும் வரையில் பொறுத்திருந்து, பிறகு அதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம். அதுவரையில் பனங்கட்டியை முன் றாக்கையிலேயே வைத்து விற்கட்டும்.